வீடு மாறுமா, வீட்டுக்காரர் மாறுவாரா? (அரபி, ஹீப்ரூ, அவற்றின் உறவு மொழிகளில் உடைமை)

கேள்வி, 2023 மார்ச் 4

அரபியில் 'உடைய' என்பதற்கு உருபே கிடையாது, இரண்டு பெயர்ச்சொல்லை அடுத்தடுத்து வைத்தால் போதும் என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பைத்துல்மால் (செல்வத்தின் வீடு, பொதுநிதி), தாருல் உலூம் (கல்வியின் இல்லம்) எல்லாம் அப்படித்தானாம். நம்முடைய ஆறாம் வேற்றுமைத் தொகை மாதிரி என்கிறார். சரிதானா? ஹீப்ரூவிலும் இதே கதையா?

மார்ச் 4, மாலை

பாதி சரி. உருபே இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. இருக்கிறது, பேச்சில் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

'ஒரு வீடு' என்றால் பைத்துன். 'அந்த வீடு' என்றால் அல்பைத்து. 'அந்த மனிதரின் வீடு' என்றால் பைத்துர் ரஜுலி. இதில் இரண்டு இடத்தில் வேலை நடந்திருக்கிறது. வீட்டின் கடைசியில் இருந்த 'ன்' (ஓதத் தெரிந்தவர்களுக்குத் தன்வீன்) போய்விட்டது; முன்னால் 'அல்' போடவும் கூடாது. அந்தப் பக்கம் ரஜுலு என்பது ரஜுலி ஆகிவிட்டது. அந்த இகரம்தான் வேற்றுமை உருபு. ஓதி நிறுத்தும் இடத்திலும் அன்றாடப் பேச்சிலும் கடைசி உயிர் விழுந்துவிடும். அதனால் பைத்துல்மாலி என்பது பைத்துல்மால் என்றே நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. உங்கள் நண்பர் ஏமாந்த இடம் அதுதான்.

இலக்கணத்தில் இதற்கு இளாஃபா என்று பெயர். முன்னால் நிற்கும் உடைமைப்பொருள் முளாஃப், பின்னால் வரும் உடையவர் முளாஃப் இலைஹி. முளாஃபும் உருமாறும் என்பதற்குச் சான்று தேட அரபு நாட்டுக்குப் போக வேண்டாம். குர்ஆன் அத்தியாயத்தை சூரா என்று தனியாகச் சொல்கிறோம். சூரத்துல் பகரா என்று சேர்த்துச் சொல்கிறோம். நகரத்துக்கு மதீனா, நபியின் நகரத்துக்கு மதீனத்துன் நபி. இரவுக்கு லைலா, ஆனால் லைலத்துல் கத்ர். தனியாக நிற்கும்போது மறைந்துகிடக்கும் 'த்', பின்னால் ஒரு உடையவர் வந்து ஒட்டியதும் தலைகாட்டுகிறது. பனூ இஸ்ராயீல் என்பதும் அப்படித்தான்: 'மகன்கள்' என்றால் பனூன, யாருடைய மகன்கள் என்று சொல்ல ஆரம்பித்ததும் அந்த 'ன' உதிர்ந்து பனூ ஆகிறது.

தமிழில் மாறுவது உடையவர் மட்டும்தான். மரம், மரத்துக் கிளை. வீடு, வீட்டுக் கூரை. கிளையும் கூரையும் அசைவதே இல்லை. அரபியில் இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைகிறது.

மார்ச் 4, இரவு

ஒன்று விட்டுப்போச்சு. உருபு காதில் விழும் சொற்களும் உண்டு. அப்பா, அண்ணன் தம்பி, வாய், 'உடையவன்' என்று பொருள்படும் தூ, இப்படி ஐந்தாறு சொற்கள் இளாஃபாவில் குறில் போதாமல் நெடிலே எடுக்கும். அதனால்தான் தகப்பனார் அபூதாலிப் என்றும், மகனின் பெயரில் அலீ இப்னு அபீதாலிப் என்றும் நம் புத்தகங்களில் இருக்கிறது. ஒரே ஆள்தான். 'இப்னு'வுக்குப் பின்னால் வருவதால் அபூ, அபீ ஆகிவிட்டார். இதை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிட்ட ஒரு பிழைதிருத்துநரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர்.

துல்ஹஜ் மாதத்தில் ஒளிந்திருப்பதும் அந்தத் தூதான். ஹஜ்ஜை உடைய மாதம்.

மார்ச் 5

ஹீப்ரூவைப் பற்றிக் கேட்டவருக்கு. அங்கே கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் வேற்றுமை உருபுகள் எல்லாம் பைபிள் காலத்துக்கு முன்பே கழன்றுவிட்டன. உடையவர் மேல் ஏற ஒன்றும் மிச்சமில்லை. முழுச்சுமையும் உடைமைப்பொருள் மேல். வீடு பயித், இன்னாருடைய வீடு என்றதும் பேத் என்று சுருங்குகிறது. பெத்லகேம், பெத்தேல், பெத்சாயிதா என்று தமிழ் பைபிளில் வரிசையாக வரும் 'பெத்' எல்லாம் இந்தச் சுருங்கிய வீடுதான். ராணி மல்கா, ஷேபாவின் ராணி மல்கத் ஷ்வா, அரபியின் சூரத்துல் மாதிரியே 'த்' வருகிறது. மகன்கள் பனீம், இஸ்ரவேலின் மக்கள் ப்னேய் யிஸ்ராயேல். ஹீப்ரூக்காரர்கள் இதை ஸ்மிகூத் என்பார்கள்.

எதற்காகச் சுருங்குகிறது? அழுத்தம்தான் காரணம். இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லும்போது குரலின் எடை பின்சொல் மேல் போய் விழுகிறது. முன்சொல்லின் உயிரெழுத்துகள் மெலிகின்றன. தாவார் (சொல், விஷயம்) என்பது த்வார் ஆவது இப்படித்தான். சில சொற்கள் மாறாமலும் இருக்கும்: மெலெக் (அரசன்) தனியாக இருந்தாலும் மெலெக், 'இன்னாட்டின் அரசன்' என்றாலும் மெலெக்.

'என்', 'உன்', 'அவன்' என்பவை தனிச்சொல்லாக இல்லாமல் வாலாக ஒட்டும். அந்த வால் தமிழ் பைபிளிலேயே மொழிபெயர்க்காமல் கிடக்கிறது. ஓசியா 2:16இல் 'நீ என்னை இனி பாகாலி என்று சொல்லாமல், ஈஷி என்று சொல்லுவாய்' என்று வருமே, அந்த இரண்டு இகரமும் 'என்'. சிலுவையில் சொல்லும் ஏலீ, கல்லறைத் தோட்டத்தில் மரியாள் சொல்லும் ரபூனி, எல்லாவற்றிலும் அதே வால். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இவற்றையெல்லாம் பெயர்கள் என்றே நினைத்து மனப்பாடம் செய்தேன்.

மார்ச் 5, கொஞ்சம் கழித்து

'அப்படியானால் ஒரு வீடு, அந்த வீடு என்ற வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது' என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. முன்சொல்லில் காட்ட முடியாது. பின்சொல் எப்படியோ முன்சொல்லும் அப்படியே. பின்னால் 'அந்த' மனிதர் என்றால் முன்னால் இருப்பதும் 'அந்த' வீடுதான். தாவீதின் பெயர் மாதிரி தனிப்பெயர் வந்தால் கேட்கவே வேண்டாம், எல்லாமே 'அந்த'. அப்புறம் 'தாவீதின் ஒரு பாட்டு' என்று சொல்ல என்ன செய்வது? ஒட்டுவதை விட்டுவிட்டு 'தாவீதுக்கு ஒரு பாட்டு' என்று நான்காம் வேற்றுமைக்குத் தாவ வேண்டும். சங்கீதங்களின் தலைப்பில் உள்ள மிஸ்மோர் ல-தாவீத் அதுதான். அரபியிலும் கிதாபுன் லிர்-ரஜுலி, 'அந்த மனிதருக்கு ஒரு புத்தகம்', அதாவது அவருடைய புத்தகங்களில் ஒன்று.

இஸ்ரேலில் பள்ளிக்கூடம் பேத் சேஃபெர். 'அந்தப் பள்ளிக்கூடம்' என்றால் முறைப்படி பேத் ஹ-சேஃபெர், நடுவில்தான் 'ஹ' வரவேண்டும். பேச்சில் பலரும் ஹ-பேத் சேஃபெர் என்று தலையிலேயே வைத்துவிடுகிறார்கள். அங்கேயும் தமிழாசிரியர்கள் மாதிரி தலையில் அடித்துக்கொள்ள ஆள் உண்டு.

மார்ச் 8

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று, ஏனென்றால் இளாஃபாவை நான் இலக்கணப் புத்தகத்தில் கற்றதைவிட ஒரு சாவியால் கற்றது அதிகம்.

வளைகுடாவில் ஒரு வியாபார நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் வேலை. இருந்த கிடங்கு போதாமல் ஊருக்கு வெளியே இன்னொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதே வாரம் பழைய கிடங்கின் பூட்டும் மக்கர் செய்து மாற்றப்பட்டது. பலகையில் ஓர் அறிவிப்பு: மிஃப்தாஹ் அல்மக்ஸன் அல்ஜதீத் காவலாளியிடம் இருக்கிறது, சரக்கு வந்ததும் இறக்கவும். மிஃப்தாஹ் சாவி, மக்ஸன் கிடங்கு, ஜதீத் புதிய. நான் 'புதிய கிடங்கின் சாவி' என்று படித்தேன். லாரியை ஊருக்கு வெளியே அனுப்பினேன். அங்கே போய் நின்றால் சாவி உள்ளேயே நுழையவில்லை. எழுதியவர் சொன்னது 'கிடங்கின் புதிய சாவி'.

இதில் எழுதியவர் பக்கமும் தப்பில்லை, படித்தவன் பக்கமும் தப்பில்லை. இளாஃபாவின் இரண்டு சொல்லுக்கும் நடுவில் பெயரடை நுழையக் கூடாது. யாருக்கு உரிய அடையாக இருந்தாலும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். முழு உயிர்க்குறியோடு படித்தால் அல்ஜதீது என்றால் சாவி புதிது, அல்ஜதீதி என்றால் கிடங்கு புதிது. எந்த அலுவலக அறிவிப்பில் உயிர்க்குறி போடுகிறார்கள்? பால் வேறுபட்டிருந்தாலாவது பிழைத்திருப்பேன். சாவிக்குப் பதில் கார் என்றால், அது பெண்பால், கார் புதிதானால் ஜதீதா என்று வந்திருக்கும். சாவியும் ஆண்பால், கிடங்கும் ஆண்பால்.

மதியம் எகிப்துக்காரக் கணக்கர் சிரித்துக்கொண்டே எனக்கு இரண்டு வாக்கியம் சொன்னார். புதிய சாவி என்றால்: இல்முஃப்தாஹ் இல்கிதீத் பித்தாஅ இல்மக்ஸன். புதிய கிடங்கு என்றால்: இல்முஃப்தாஹ் பித்தாஅ இல்மக்ஸன் இல்கிதீத். நடுவில் ஒரு பித்தாஅ. அதற்கு முன்னால் நிற்பது சாவியின் அடை, பின்னால் நிற்பது கிடங்கின் அடை. குழப்பம் தீர்ந்தது. 'இதை ஏன் பலகையில் எழுதவில்லை' என்று கேட்டேன். எழுத்தில் பித்தாஅ எழுதினால் படிக்காதவன் என்று நினைப்பார்களாம்.

மார்ச் 8, இரவு

பித்தாஅ எகிப்தின் சொல். ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். சிரியா, லெபனான் பக்கம் தபஅ. மொராக்கோவில் தியால். துனீசியாவிலும் லிபியாவிலும் ம்தாஅ. வளைகுடாவில் ஹக், ஈராக்கில் மால். பித்தாஅவும் ம்தாஅவும் 'சாமான்' என்ற மதாஅ-விலிருந்து வந்தவை. ஹக் உரிமை. மால் சொத்து. உடைமையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே தேய்ந்து உருபாகிவிட்டது. நம்முடைய 'உடைய'வும் 'உடை' என்ற வினையின் தேய்வுதானே. 'பொருள் உடையவன்' என்னும்போது இன்னும் அந்த வினை உயிரோடு இருக்கிறது.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு 'மால் அனா' ஞாபகம் இருக்கும். நம் ஆட்கள், மலையாளிகள், வங்காளிகள், பட்டான்கள் எல்லாரும் சேர்ந்து பேசும் உடைந்த அரபியில் என் நண்பன் ஸதீக் மால் அனா, உன் அறை குர்ஃபா மால் இன்த. எந்த வாலும் ஒட்டத் தேவையில்லை. அரபுக்காரர்களே நம்மிடம் பேசும்போது இப்படித்தான் பேசுவார்கள். ஊருக்கு வந்த பிறகும் என் வாயில் அதுதான் முதலில் வரும்.

மார்ச் 11

'பேச்சு வழக்கு என்றால் கெட்டுப்போன அரபிதானே, பழைய மொழியில் இப்படி இருந்திருக்காது' என்று ஒருவர். இல்லைங்க. பாபிலோனியாவிலேயே இருந்தது.

அக்காடிய மொழியில் வீடு பீத்தும், மனிதர் அவீலும். ஒட்டிச் சொன்னால் பீத் அவீலிம்: முன்சொல் தன் முடிவை உதறுகிறது, பின்சொல் இகரம் எடுக்கிறது, அரபியின் அண்ணன் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் பீத்தும் ஷ அவீலிம் என்றும் சொல்லலாம், நடுவில் ஒரு ஷ. மூன்றாவதாக பீஸ்ஸு ஷ அவீலிம்: 'அவருடைய வீடு, மனிதருடையது'. பீத்+ஷு சேர்ந்து பீஸ்ஸு.

ஒட்டுத்தொடரின் அழகைப் பார்க்க, பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தில் 196ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். கண்ணுக்குக் கண் என்ற சட்டம். ஷும்ம அவீலும் ஈன் மார் அவீலிம் உஹ்தப்பித், ஈன்ஷு உஹப்பது. 'ஒருவன் மேற்குடி மகன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணைக் கெடுப்பார்கள்.' ஈன் மார் அவீலிம் என்ற மூன்று சொல்லைப் பாருங்கள். ஈனும் (கண்), மாரும் (மகன்) இரண்டும் முடிவை இழந்து மொட்டையாக நிற்கின்றன. வரிசையின் கடைசி ஆள் மட்டும் உருபோடு. தொடர் எவ்வளவு நீண்டாலும் உருபு கடைசியில்தான் தெரியும். பிறகு ஈன்ஷு, 'அவன் கண்', வால். ஒரே வரியில் இரண்டு முறையும் வந்துவிட்டது. அந்தக் கருங்கல் சூசாவில் கிடைத்தது, இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மார்ச் 11, பின்சேர்க்கை

அந்த மூன்றாவது முறையை ('அவருடைய வீடு, மனிதருடையது') ஏதோ விசித்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். தேடத் தேட எல்லா இடத்திலும் இருக்கிறது. தானியேல் 2:20, ஹீப்ரூவின் உறவு மொழியான அரமேயத்தில்: ஷ்மேஹ் தீ எலாஹா, 'அவர் நாமம், தேவனுடையது'. உன்னதப்பாட்டு 3:7இல் சாலொமோனின் மஞ்சத்தைச் சொல்லும்போது மித்தாத்தோ ஷெல்லி-ஷ்லோமோ, 'அவன் மஞ்சம், சாலொமோனுக்கு உள்ளது'. இந்த ஷெ+லி சேர்ந்துதான் இன்றைய ஹீப்ரூவின் ஷெல் பிறந்தது. இன்று பேத் ஹ-மோரே (ஆசிரியர் வீடு), ஹ-பயித் ஷெல் ஹ-மோரே, பேய்த்தோ ஷெல் ஹ-மோரே மூன்றும் சரி. மூன்றாவது பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். பழைய எத்தியோப்பிய கஎஸ் மொழியில் பேத்து ல-நெகுஸ், 'அவன் வீடு, அரசனுக்கு'. ஒருவரைப் பார்த்து ஒருவர் படித்துக்கொண்டது என்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது. வாலை ஒட்டி 'அவர்' என்று சொல்லிவிட்டு, யார் அந்த அவர் என்று பின்னால் விளக்குவது எந்த ஊரிலும் தோன்றக்கூடிய பழக்கம்.

சோமாலியில் முன்பின் மாறி வரும்: அலி குரிகீஸ, 'அலி, அவன் வீடு'. மலையேறிப்போன மாதிரி தோன்றினாலும் நாமே பேசுகிறோம்: 'அந்தப் பலசரக்குக் கடைக்காரர் இருக்காரே, அவர் வீடு'.

மார்ச் 12

இன்று யாரோ 'எனது கை, என கைகள்' என்று ஒற்றை வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். யாரென்று தெரியவில்லை, ஆனால் இந்த இழையில் வந்ததிலேயே பெரிய வரி இதுதான்.

நன்னூல்படி ஆறாம் வேற்றுமைக்கு உடைமைப்பொருள் ஒருமையானால் அது, ஆது, பன்மையானால் அ. கை ஒன்றென்றால் எனது, பல என்றால் என. யாருடையது என்பதைச் சொல்லும் உருபு, எத்தனை பொருள் என்பதற்கு ஏற்ப மாறுகிறது. இன்று 'எனது புத்தகங்கள்' என்று எழுதி அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டோம்.

எகிப்தியக் கணக்கரின் பித்தாஅவும் இதே ஆள். சாவிக்கு பித்தாஅ, பெண்பாலான காருக்கு பித்தாஅத், பன்மைக்கு பித்தூஅ. உடையவரைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. பழைய எகிப்திய மொழியில் (அரபி, ஹீப்ரூ, அக்காடியம் எல்லாம் சேர்ந்த செமித்தியக் கிளை இல்லை, ஆனால் ஒரே ஆஃப்ரோ-ஆசியக் குடும்பம்) ஆண்பாலுக்கு ன், பெண்பாலுக்கு ன்த், ஆண்பால் பன்மைக்கு ன்வ். காலப்போக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே ன் என்றாகி நின்றது. நம் 'எனது'வுக்கு நடந்தது. அதே குடும்பத்தின் ஹௌஸா, நைஜீரியாவில் பேசுவது, இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை: கிதா (வீடு, ஆண்பால்), தலைவரின் வீடு கிதன் சார்கி, மோத்தா (கார், பெண்பால்), தலைவரின் கார் மோத்தர் சார்கி. ன்-ஆ ர்-ஆ என்பதை வீடும் காரும் தீர்மானிக்கின்றன. தலைவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

ஷ, தீ, ஷெல் எல்லாம் 'எது' என்ற சொல்லிலிருந்து வந்தவை. பித்தாஅ, ஹக், மால் 'சொத்து' என்ற சொல்லிலிருந்து. நம்மிடம் 'அது' என்ற உருபும் சுட்டுப்பெயரும் உருவத்தில் ஒன்று, 'உடைய' சொத்து வழி. செமித்தியக்காரர்கள் போன இரண்டு பாதையிலும் தமிழ் நடந்திருக்கிறது. உறவு ஒன்றும் கிடையாது. யாராவது உடனே குமரிக்கண்டம் என்று ஆரம்பிக்காதீர்கள்.

மார்ச் 15

'பித்தாஅ வந்த பிறகு பழைய ஒட்டு எதற்கு? செத்துவிட்டதா?' என்று கேட்டிருந்தார்கள். சாகவில்லை. எங்கே பதுங்கியிருக்கிறது என்று பார்த்தால், நம் இலக்கணத்தில் அதற்கு ரெடியாகப் பெயர் இருக்கிறது: தற்கிழமை. தன்னைவிட்டுப் பிரியாத பொருள், யானையின் தந்தம் மாதிரி. கழற்றிக் கொடுக்கக்கூடியது, முருகனின் வேல், பிறிதின்கிழமை. தமிழில் இந்தப் பிரிவு பொருளில் மட்டும். உருபு இரண்டுக்கும் ஒன்றுதான். அங்கே உருபே பிரிந்துவிட்டது.

மால்டா தீவின் மொழி அரபியின் பிள்ளை, எழுதுவது லத்தீன் எழுத்தில். அங்கே என் அப்பா மிஸ்ஸியேரி, என் அம்மா ஓம்மி, என் கை இதி, எல்லாம் வால். கார் மட்டும் இல்-கரோத்ஸா தீயி, 'கார் என்னுடையது' என்று தனிச்சொல் போட வேண்டும். வீட்டுக்கு தாரி என்று வால் ஒட்டலாம். வீடு உடம்பின் பகுதி என்று மால்டாக்காரர்கள் நினைக்கிறார்களோ என்னவோ; வீட்டுக்கடன் கட்டுகிறவன் எவனும் மறுக்கமாட்டான்.

எகிப்து அரபியில் பேத்தி (என் வீடு), ஈனி (என் கண்) என்று ஒட்டும். ரேடியோ என்றால் இர்-ராத்யூ பித்தாஈ. வெளிநாட்டுச் சொல்லுக்கு வால் ஒட்ட வாய் வரவில்லை.

எகிப்திய மொழியின் கடைசி வடிவம் கோப்திக், இன்றும் அங்கே கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் கேட்கலாம். அதில் வால் எடுக்கும் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே: வாய், கை, கால், தலை போன்றவை. ரோஃப், அவன் வாய். மற்ற எல்லாவற்றுக்கும் 'என்', 'அவன்' முன்னால் வந்து நிற்கும்.

வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழிகள் இதை இன்னும் கடைசிவரை கொண்டுபோய்விட்டன. பாபா என்றால் அப்பா இல்லை, 'என் அப்பா'. பாபாக் உன் அப்பா, பாபாஸ் அவன் அப்பா. யாருக்கும் அப்பாவாக இல்லாத வெறும் அப்பா அங்கே கிடையாது. கேட்டால் வியப்பாக இருக்கும், சங்கத் தமிழில் அதுதானே நிலை? எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். 'தந்தை'யில் இருக்கும் 'தன்' மங்கிப்போய் இப்போது 'என் தந்தை' என்று இரட்டிப்பாகச் சொல்கிறோம்.

மார்ச் 15, இன்னும் ஒன்று

பெர்பரில் இன்னொரு வேடிக்கை. 'மனிதரின் வீடு' என்பது அக்காம் ன் வெர்காஸ் (கபில் வட்டார வழக்கு). மனிதர் அர்காஸ், உடையவராக வந்ததும் தலையில் மாற்றம், வெர்காஸ். ஹீப்ரூவில் வீடு உருமாறியது, இங்கே வீட்டுக்காரர் உருமாறுகிறார், அதுவும் சொல்லின் முன்பக்கத்தில். இந்த இழைக்கு நான் வைத்த தலைப்புக்கு ஒரே குடும்பத்திலேயே இரண்டு பதிலும் கிடைத்துவிட்டது.

எத்தியோப்பியாவின் ஒரோமோ மொழியிலும் மாறுவது உடையவர்தான். மன என்றால் வீடு, பரும்ஸ கல்வி. பள்ளிக்கூடம் மன பரும்ஸா. கடைசிக் குறில் நெடிலாயிற்று, அதுவே ஆறாம் வேற்றுமை. இவ்வளவு மலிவான உருபை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மார்ச் 16

'அப்துல்' என்று கூப்பிடுவது சரியா என்று ஒரு கிளைக்கேள்வி. அப்து என்றால் அடியான். ரஹ்மானின் அடியான் அப்துர் ரஹ்மான், காதிரின் அடியான் அப்துல் காதிர். அப்துல் என்று நிறுத்தினால் அடியான் என்பதோடு அடுத்த சொல்லின் 'அல்'லையும் பிய்த்து எடுத்துக்கொண்டு நடுவழியில் நிற்கிறோம். கடவுச்சீட்டில் முதல் பெயர் அப்துல், கடைசிப் பெயர் காதிர் என்று பிரித்துப் போட்டு, கிடங்கில் எங்களுக்கு ஏகப்பட்ட அப்துல்கள். அரபு மேலாளர் அப்துல் என்று கூப்பிடவே மாட்டார். முழுப் பெயரையும் சொல்வார். ஒரு குரலில் மூன்று பேர் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் காரணம் எனக்குப் புரிந்தது.

மார்ச் 20

'எனக்கு இருக்கிறது' பற்றிப் பேச்சு திரும்பியிருக்கிறது, அதையும் முடித்துவிடலாம். ஆங்கிலக்காரரைப் போல் ஒரு பொருளை 'வைத்திருக்கும்' வினைச்சொல் அரபியிலும் இல்லை, ஹீப்ரூவிலும் இல்லை, தமிழிலும் இல்லை. அரபியில் லீ அகுன், 'எனக்கு ஓர் அண்ணன்'. இந்தீ ஸய்யாரா, 'என்னிடம் கார்'. மஈ ஃபுலூஸ், 'என்கூட பணம்', அதாவது இந்த நிமிஷம் சட்டைப்பையில். நாமும் அண்ணனுக்கு 'எனக்கு', காருக்கு 'என்னிடம்', சில்லறைக்கு 'கையில்' என்கிறோம். அரபி கற்கும் தமிழருக்குச் சிரமம் இல்லாத பாடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அழ வைக்கும்.

மார்ச் 22

எத்தியோப்பியாவைச் சரியாகச் சொல்லாமல் விட்டிருந்தேன். அடிஸ் அபாபாவில் கொஞ்ச காலம் இருந்த ஒருவர் கேட்டார், 'அம்ஹாரிக்கில் வரிசை தமிழ் மாதிரி இருக்கிறதே, அது எப்படி செமித்தியம்?'

செமித்தியமேதான். கஎஸ் மொழியில் வழக்கப்படி உடைமைப்பொருள் முன்னால்: பேத்த நெகுஸ், அரசனின் வீடு, பேத் கடைசியில் ஓர் அகரம் எடுத்திருக்கிறது. அம்ஹாரிக்கில் யெ-நிகுஸ் பேத், 'அரசனுடைய வீடு'. வரிசை தலைகீழ். பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் கூஷிய மொழிகளின் (மேலே பார்த்த ஒரோமோ, சோமாலி போன்றவை) வாடை இது. வினையும் நம்மைப் போல வாக்கியக் கடைசிக்குப் போய்விட்டது. ஆனால் யெ என்ற அந்த உருபு முன்னொட்டாகவே நிற்கிறது, அதுமட்டும் மாறவில்லை. நமக்கு உருபு பின்னால், அவர்களுக்கு முன்னால். மாதா கோவிலுக்கு மட்டும் இன்னும் பழைய வரிசை, பேத்தெ க்ரிஸ்தியான். வழிபாட்டு மொழியிலிருந்து உறைந்துபோய் வந்த சொல்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'அரசனுடைய வீட்டில்' என்று சொல்ல, 'இல்'லுக்கான ப-வையும் முன்னால்தான் வைக்க வேண்டும். ப-யெ-நிகுஸ் பேத் என்று வரும் என்று நினைப்போம். வராது. ப வந்ததும் யெ காணாமல் போய்விடும்: ப-நிகுஸ் பேத். ஒரு வாசலில் இரண்டு முன்னொட்டு நிற்க இடமில்லை. கேட்பவர் வரிசையை வைத்தே புரிந்துகொள்கிறார். கேள்வி கேட்ட முதல் நண்பரின் கூட்டாளி 'உருபே கிடையாது, அடுத்தடுத்து வைத்தால் போதும்' என்றாரே, அவர் இந்த இடத்தைச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன்.

மார்ச் 23

கோஹினூர், ஷேர்-இ-பஞ்சாப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது பாரசீகம், வேறு குடும்பம். நடுவில் வரும் 'இ'யை இஸாஃபத் என்று அரபுப் பெயரிட்டு அழைப்பதால் வந்த குழப்பம். அங்கே பெயரடைக்கும் அதே 'இ'தான் ஒட்டும், அரபியில் அப்படி நடக்காது. அதைப் பேசத் தனி இழை திறங்கள், வருகிறேன்.